குறிப்பு எழுதி வச்சா மட்டும் போதாது, கோத்து வைக்கணும்

நாலஞ்சு வருஷமா எங்க பக்கத்து குளம், கால்வாய், வெள்ளாமை பத்தி எழுதிட்டு வர்றேன். பகல்ல குமரி மாவட்டம் தக்கலையில ஒரு கடையில கணக்கு வேல, ராத்திரிதான் எழுத்து. முன்னாடியெல்லாம் எது படிச்சாலும், யாரு என்ன சொன்னாலும் போன்ல ஒரே நீட்டு நோட்ல போட்டுகிட்டே போவேன், ஆனா எழுத உக்காந்தா அதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது, எதுக்காக எழுதி வச்சோம்னே ஞாபகம் வராது. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதும்பாவல்ல, அதே கததான்.

இப்போ ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போட கோத்து வைக்கிற முறைய பயன்படுத்துறேன். நிக்லாஸ் லூமன்னு ஜெர்மனியில ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தாரு, 1998ல இறந்துட்டாரு, அவரு பேப்பர் சீட்டுல ஏறக்குறைய 90,000 குறிப்பு எழுதி மரப்பெட்டியில அடுக்கி வச்சிருந்தாரு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எண்ணு, ஒரு சீட்டுல இன்னொரு சீட்டோட எண்ண எழுதி வச்சிருவாரு, எண்ண பிடிச்சு போனா அடுத்த சீட்டு கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். நோட்டுப் புத்தகத்துலயும் செய்யலாம், போன்லயும் செய்யலாம். நான் அப்சிடியன்கிற ஆப்ல செய்றேன், காசு கிடையாது, குறிப்பெல்லாம் நம்ம போன்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா இருக்கும், நாளைக்கு அந்த ஆப்பே இல்லாம போனாலும் வேற எதுலயாவது திறந்து படிக்கலாம்.

முதல்ல கத்துக்க வேண்டியது ஒரு குறிப்புல ஒரு விஷயம்தான் இருக்கணும்கிறது, அத நம்ம சொந்த வார்த்தையில எழுதணும். நான் முதல்ல எழுதுன ஒண்ண காட்டுறேன். தலைப்பு 'மாத்தூர் தொட்டிப்பாலம்'. உள்ள 1966, நீளம் 1240 அடி, உயரம் 115 அடி, 28 தூண். இத வச்சு என்ன எழுத முடியும்? இதெல்லாம் எங்கயும் கிடைக்கும். பிறவு அத மாத்தி எழுதுனேன். தலைப்பே ஒரு முழு வாக்கியம்: 'பரளியாத்து பள்ளத்த தாண்டி பட்டணங்கால் கால்வாய் தண்ணிய கொண்டுபோகத்தான் மாத்தூர் தொட்டிப்பாலம்'. இப்போ தலைப்ப படிச்சாலே அடுத்த கேள்வி வருது, பட்டணங்கால் எங்க இருந்து வருது, இந்த தண்ணி இல்லாட்டி எந்த ஊரு காஞ்சிருக்கும்னு. தலைப்பு வெறும் பேரா இருந்தா அது டப்பாவுல ஒட்டுற லேபிள் மாதிரி, வாக்கியமா இருந்தாதான் அது ஒரு கருத்து. தலைப்புல சாய்கோடு, ரெட்டப்புள்ளி மட்டும் போடாதீங்க, ஃபைல் பேருக்கு ஆகாது.

லிங்க் போடுறது சுலபம். ரெண்டு சதுர அடைப்பு [[ போட்டு ரெண்டு எழுத்து அடிச்சா பழைய குறிப்பு தலைப்பெல்லாம் வரிசையா வரும், தொட்டா போதும். ஆனா வெறுமன லிங்க் போட்டு விட்டுராதீங்க, ஏன் இத அதோட சேக்குறேன்னு ஒரு வரி எழுதணும், நான் இத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன், இந்த முறையோட உயிரே அந்த ஒரு வரிதான்.

எப்படின்னு பாருங்க. எனக்க பாட்டா, அம்மைக்க அப்பா, நெல்லு பத்தி பேசும்போ கன்னிப்பூ, கும்பப்பூன்னுதான் சொல்லுவாவ. வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், இங்க பூன்னா போகம். 'கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டும் அறுப்பு மாசத்தோட பேரு'ன்னு ஒரு குறிப்பு எழுதுனேன், கன்னி மாசம்னா புரட்டாசி, கும்பம்னா மாசி. வேற ஒரு நாள் வேற எதுக்கோ எழுதுனது '1956 நவம்பர் 1ல குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்துச்சு'. ரெண்டுக்கும் சம்மந்தமே இல்லன்னுதான் நினைச்சிருந்தேன். ஒரு ராத்திரி முதல் குறிப்புல கன்னி, கும்பம் எல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்காட்டி மாசமாச்சேன்னு தோணிச்சு, உடனே ரெண்டாவது குறிப்புக்கு லிங்க் போட்டு பக்கத்துல எழுதுனேன்: 'எல்லை மாறிடுச்சு, ஆனா வயலு பழைய திருவிதாங்கூர் மாசத்துலயே நிக்குது'. அந்த வரிதான் பிறவு ஒரு முழு கட்டுரையா ஆச்சு. அந்த வரிய எழுதாம லிங்க் மட்டும் போட்டிருந்தா ஒரு மாசம் கழிச்சு பாக்கும்போ ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு, இத யாரும் சொல்லித் தரல, நானே தட்டுத்தடுமாறி கண்டுபிடிச்சது. நம்ம மொழியில சொல்லு அப்படியே நிக்காது, அணைங்கிறது அணைய, அணையில, அணைக்குன்னு மாறிகிட்டே இருக்கும். அப்போ வாக்கியத்துக்கு நடுவுல லிங்க் போட்டா படிக்கவே கரடுமுரடா இருக்கும். அதுக்கு நடுவுல ஒரு நேர்கோடு போட்டுக்கணும், இப்படி: [[பேச்சிப்பாறை அணை|பேச்சிப்பாறை அணையில]]. கோட்டுக்கு இடப்பக்கம் குறிப்போட பேரு, வலப்பக்கம் கண்ணுக்கு தெரியுறது. தேடும்போதும் இதே கததான், குளம்னு தேடுனா குளத்துல, குளத்துக்குன்னு எழுதுனது வராது, 'குள'ன்னு மட்டும் அடிச்சு தேடுங்க, எல்லாம் வந்துரும்.

டேக், ஃபோல்டர், கலர் இதுல எல்லாம் நேரத்த கொட்டாதீங்க. குறிப்பெல்லாத்தையும் புள்ளியும் கோடுமா அந்த ஆப் ஒரு வரைபடமா காட்டும், பாக்க அழகா இருக்கும், எனக்கு எழுதுறதுக்கு ஒருநாளும் உதவுனதில்ல. உதவுறது பேக்லிங்க்தான், அதாவது இந்த குறிப்ப வேற எந்தெந்த குறிப்பு கூப்பிட்டிருக்குன்னு காட்டுற பட்டியல். அதுல ஏழெட்டு குறிப்பு சேந்துட்டா அங்க ஒரு கட்டுரை இருக்குன்னு அர்த்தம்.

அப்படி சேந்ததும் புதுசா ஒரு குறிப்பு திறந்து அந்த லிங்க எல்லாத்தையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வையுங்க. மேல கீழ மாத்தி மாத்தி வச்சு வாய்விட்டு படிங்க, ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு போறப்போ எங்க கால் தட்டுதோ அங்க ஒரு குறிப்பு குறையுது. பேச்சிப்பாறை அணை 1906ல முடிஞ்சது, கன்னிப்பூவுக்கு வழக்கமா ஜூன் மாசம் அணை திறப்பாவ, இது ரெண்டையும் அடுத்தடுத்து வச்சப்போ எனக்கு இடிச்சுது, ஜூனுக்கு முன்னாடியே வயல்ல விதைச்சிருப்பாவளே, தண்ணி வர்றதுக்கு முன்ன எப்படி? பாட்டாகிட்ட போய் கேட்டேன். "பொடிவிதைப்புதாம்லே, காஞ்ச மண்ண புழுதியா உழுது விதைக்கியது, கோட மழை முளைக்க வச்சிரும், பிறவுதான் கால்வாய் தண்ணி"ன்னு சொன்னாவ. அன்னைக்கு ராத்திரியே அத தனிக் குறிப்பா எழுதி நடுவுல செருகுனேன், கட்டுரை நின்ன இடத்துல இருந்து நகந்துச்சு. லிங்குக்கு கீழயே வாக்கியம் எழுத ஆரம்பிச்சிருங்க, வெள்ளத்தாள பாத்து முழிக்கிற நிலம வரவே வராது.

ஞாயித்துக்கிழமை குறிப்பெல்லாம் இருக்கிற ஃபோல்டர அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி எடுத்து வைங்க. எனக்கு ஒருக்க போன் தண்ணியில விழுந்து, பாட்டா சொன்ன பழைய மடைப் பேரு பூராவும் போச்சு, திரும்ப போய் கேட்டப்போ அவியளுக்கே பாதி ஞாபகம் இல்ல.