பாங்காக்கை முதல்முறை சுற்றிப் பார்ப்பது எப்படி: காலையில் ஆற்றங்கரை, மாலையில் ரயில்

பாங்காக்கில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எதை எதற்குப் பிறகு பார்ப்பது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. காலையில் அரண்மனை, மதியம் மால், சாயங்காலம் மறுபடி ஆற்றங்கரை என்று டாக்சியில் அலைந்தால், ஊரின் போக்குவரத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

இந்த ஊரை இரண்டு தடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1782-இல் அரசர் முதலாம் ராமா சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையைத் தலைநகராக்கினார். அன்று படகுதான் வண்டி. அதனால் அரண்மனையும் பழைய கோயில்களும் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. பெரிய கடைவீதிகளில் பெரும்பாலானவை 1999-இல் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் மேம்பால ரயிலின் ஓரத்தில் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் ஆற்றுப் பக்கம், ஏறிய பிறகு ரயில் பக்கம். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மூன்று நாட்களில் முக்கியமானதையெல்லாம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

படி 1: கிளம்பும் முன்

2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு அரசின் குடிவரவுத் தளத்துக்குப் போங்கள்.

தங்கும் அறையை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். ஆற்றுப் பக்கம் என்றால் சபான் தக்சின், கடைகள் பக்கம் என்றால் சயாம் அல்லது சித்லோம். அசோக் நிலையமும் நல்ல தேர்வு, அங்கே பிடிஎஸ்ஸும் எம்ஆர்டி சுரங்க ரயிலும் சந்திக்கின்றன. ரயிலுக்குத் தூரமான மலிவு அறையில் மிச்சமாகும் காசை டாக்சிக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

துணியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரண்மனைக்கும் கோயில்களுக்கும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். மெல்லிய பருத்திப் பேண்ட் ஒன்றும் கை வைத்த சட்டை ஒன்றும் போதும். காலணி எளிதில் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும், ஒரே காலையில் பலமுறை கழற்ற வேண்டியிருக்கும்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ஏர்போர்ட் ரயில் லிங்க் நிலையம் இருக்கிறது. கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்). அங்கே இறங்கினால் பிடிஎஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். பணம் மாற்றுவதையும் அவசரப்பட்டு மேலே செய்யாதீர்கள். ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கடைகளில் பொதுவாக நல்ல விலை கிடைக்கும்.

பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் தனித்தனி நிறுவனங்கள், டிக்கெட்டும் தனித்தனி. பிடிஎஸ்ஸில் அட்டை, எம்ஆர்டியில் கறுப்பு நிற பிளாஸ்டிக் வில்லை. எம்ஆர்டி வாசலில் தட்டினாலே பணம் செலுத்தும் (கான்டாக்ட்லெஸ்) வசதியுள்ள வங்கி அட்டையும் வேலை செய்யும்.

படி 3: முதல் நாள் காலை, படகில்

பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி, ஆற்றுப் பக்கம் வெளியே வந்தால் சாத்தோன் படகுத்துறை. சுற்றுலாப் பயணிகளுக்கான நீலக்கொடிப் படகுக்கு அங்கே நாள் டிக்கெட் விற்பார்கள். அது தேவையில்லை. ஊர் மக்கள் வேலைக்குப் போகும் ஆரஞ்சுக்கொடிப் படகில் ஏறுங்கள், எங்கே இறங்கினாலும் 16 பாட்தான். நடத்துனர் நீளமான உலோகக் குழாய் ஒன்றைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வருவார், அதற்குள்தான் டிக்கெட்டும் சில்லறையும். படகின் பின்னால் நிற்பவர் விசில் அடித்தே ஓட்டுபவருக்குக் கரையின் தூரத்தைச் சொல்வார். துறையில் படகு அதிக நேரம் நிற்காது, இறங்க வேண்டிய இடம் வருமுன் வாசலுக்கு வந்துவிடுங்கள். புத்த பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் உட்காரக் கூடாது.

இறங்க வேண்டியது தா சாங் துறை. அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30-க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் 500 பாட். திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும், வெயிலும் தாங்காது.

வாசலுக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் அன்பாகப் பேசி, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று துக்துக் ஆட்டோவைக் கைகாட்டலாம். நம்பாதீர்கள். அந்தச் சவாரி நகைக்கடையிலோ தையற்கடையிலோதான் முடியும். மூடியிருக்கிறதா என்பதை வாசலில் சீருடையில் நிற்பவரிடம் மட்டும் கேளுங்கள்.

அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் கோயிலில் எல்லோரும் நேராக மரகத புத்தரைப் பார்க்க ஓடுவார்கள். பச்சை நிறக் கல்லில் செதுக்கிய சுமார் 66 சென்டிமீட்டர் உயரச் சிலை அது. கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அரசரே அதற்கு உடை மாற்றுகிறார். சந்நிதிக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. உட்காரும்போது கால்பாதம் சிலையை நோக்கி நீளக் கூடாது, மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம்மவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவர். தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் அங்கே 178 காட்சிகளாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ராமர் பச்சை நிறம், அனுமன் வெள்ளை. ஓரிடத்தில் அனுமன் மலைபோல் வளர்ந்து, ராமரின் பாசறையையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். ராமரைத் தூக்கிப்போக வருபவனை இங்கே மையராப் என்கிறார்கள். மயில்ராவணன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவரின் முன் வழிகாட்டியே தேவைப்படாது. கிட்டப் போய்ப் பாருங்கள். கிரீடங்களிலும் கோபுரங்களிலும் தங்கப் பூச்சு மின்னும், கீழே போர்க்கள ஓரத்தில் வீரர்கள் படும் பாட்டையும் ஓவியர்கள் விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

அரண்மனையிலிருந்து தெற்கே நடந்தால் வாட் போ ('வாட்' என்றால் கோயில்). பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் சிலைக்குச் சரியாக இருப்பதால் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கூட்டம் முகத்தருகே நிற்கும், நீங்கள் பாதத்துக்குப் போங்கள். இரண்டு உள்ளங்கால்களிலும் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள், அத்தனை நுணுக்கமான வேலை. சிலையின் பின்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள், மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தாய் மசாஜ் கற்றுத் தரும் பள்ளிக்குப் பேர்போன இடமும் இதுதான். கால் வலித்தால் வளாகத்துக்குள்ளேயே மசாஜ் செய்துகொள்ளலாம்.

வாட் போவுக்கு எதிரே தா தியன் துறை. சில பாட் கொடுத்து அக்கரைக்குப் போனால் வாட் அருண். தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் கோபுரம், கிட்டே போனால் முழுக்கப் பூ வேலை. சீனப் பீங்கான் துண்டுகளை இதழ் இதழாக ஒட்டிச் செய்தது. மேலே மாடங்களில் மூன்று தலை ஐராவதத்தின்மேல் இந்திரன் இருப்பதையும் பாருங்கள். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்தால் போதும். படம் நன்றாக வர வேண்டுமென்றால் மாலையில் தா தியன் கரையிலிருந்து எடுங்கள்.

படி 4: மதியத்துக்கு மேல், மூன்று ரயில் நிலையங்கள்

படகில் திரும்பி வந்து, வாட் போவைத் தாண்டிச் சிறிது நடந்தால் சனாம் சாய் எம்ஆர்டி நிலையம். இதன் உட்புறமே அரண்மனை மண்டபம்போல் தூண்களும் வேலைப்பாடுமாகக் கட்டியிருக்கிறார்கள், அவசரப்படாமல் இறங்குங்கள்.

அடுத்த நிலையம் சாம் யோட். இங்கிருந்து வடக்கே ஒரு பத்து, பதினைந்து நிமிட நடையில் வாட் சுதாட் கோயிலின் முன்னால் பெரிய சிவப்பு ஊஞ்சல் நிற்கிறது. ஒரு காலத்தில் இதில் ஆட்கள் நின்று வீசி ஆடி, உயரத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். 1935-இல் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது நிற்கும் தேக்குத் தூண்கள் 2007-இல் வைத்தவை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில். அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் இங்கே நடத்தும் திரியம்பாவாய், திரிபாவாய் விழாவில் நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் மந்திரமாக நிலைத்திருக்கின்றன. சுற்றுலாப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழ் படிப்பவர்கள் இதை விடக் கூடாது.

சாம் யோட்டுக்குத் திரும்பி மறுபக்கம் நடந்தால் பாஹுரத். சீக்கியர்களின் பொன்னிறக் குவிமாடக் குருத்வாரா அடையாளம். துணி, ஜரிகை, வளையல், இனிப்புக் கடைகள் நெருக்கமாக இருக்கும். பஞ்சாபிச் சைவச் சாப்பாடு கிடைக்கும் இடமும் இதுதான். அதைத் தொட்டாற்போல் சம்பெங் சந்து. மணி, ரிப்பன், பொம்மை, ஹேர்கிளிப் எல்லாம் மொத்த விலைக்கு. ஒன்று வாங்கினால் ஒரு விலை, டஜன் வாங்கினால் வேறு விலை. சந்து குறுகல், தள்ளுவண்டிக்காரர் வந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள். பெரிய பையோடு இங்கே போகாதீர்கள்.

இருட்டும் நேரத்தில் யாவரத் சாலைக்கு வந்துவிடலாம். சீனர் தெருவின் தெருக்கடைச் சாப்பாடு மாலையில்தான் களைகட்டும். திரும்புவதற்கு வாட் மங்கோன் எம்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருக்கிறது.

படி 5: இரண்டாம் நாள், தரையில் கால் படாமல் கடைகள்

இரண்டாம் நாள் காலையை சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் தொடங்கலாம். சுராசக் பிடிஎஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. இப்போது பூமாலையும் தட்டுமாக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். விஜயதசமி இரவில் ஊர்வலத்துக்காக சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் போக வாய்த்தால் மற்ற திட்டங்களைத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் ரயிலில் தேசிய விளையாட்டரங்க நிலையம். எதிரே எம்பிகே சென்டர், 1985-இல் திறந்தது. செல்போன், பை, நினைவுப் பொருள்கள் என்று சின்னச் சின்னக் கடைகள், பேரம் பேசலாம். அங்கிருந்து சயாம், சித்லோம் வழியாக ரயில் தடத்தின் கீழேயே நிழலான மேம்பால நடைபாதை போகிறது. சயாம் பாரகன், சென்ட்ரல்வேர்ல்டு எல்லாம் இந்தத் தடத்தில்தான். விலை ஒட்டிய கடைகள், பேரம் கிடையாது. குளிர்சாதனத்தில் உட்கார, பார்க்க, சாப்பிட நல்ல இடங்கள். வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்லோமில் கீழே இறங்கினால் எரவான் சந்நிதி. பக்கத்து ஹோட்டல் கட்டும்போது விபத்துகள் தொடர்ந்ததால் 1956-இல் நான்முகப் பிரம்மாவை வைத்தார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் காசு கட்டி நடனம் ஆடச் செய்கிறார்கள். அதே சந்திப்பைச் சுற்றி இந்திரன், கருடன்மேல் நாராயணன், கேசோன் கட்டடத்தின் நான்காம் தளத்தில் லட்சுமி, சென்ட்ரல்வேர்ல்டு முன் விநாயகரும் திரிமூர்த்தியும் இருக்கிறார்கள். கடைத்தெருவின் நடுவில் இத்தனை தெய்வங்களையும் நடந்தே தரிசிக்கலாம்.

சென்ட்ரல்வேர்ல்டைத் தாண்டி வடக்கே போனால் பிரதுனாம். உண்மையில் துணி வாங்க வேண்டிய இடம் இதுதான். பிளாட்டினம் ஃபேஷன் மாலில் ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் பல கடைகளில் மொத்த விலை போடுவார்கள், நிறமும் அளவும் கலந்து எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வீட்டில் பொருந்தும் சட்டை ஒன்றின் அளவைச் சென்டிமீட்டரில் எழுதி எடுத்துப்போனால் வேலை சுலபம்.

படி 6: சனி, ஞாயிறு என்றால் சதுசாக்

வார இறுதியில் இருந்தால் ஒரு காலையை சதுசாக் சந்தைக்குக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான கடைகள், 27 பிரிவுகள். எம்ஆர்டியில் காம்பேங் பெட் நிலையத்தில் இரண்டாம் எண் வாசலில் ஏறினால் சந்தைக்குள்ளேயே வந்துவிடலாம். ஒன்பது, பத்து மணிக்கே போய்விடுங்கள். நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. கூட வந்தவர்கள் பிரிந்துவிட்டால் அங்கே சந்திப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பொருளை "திரும்பி வரும்போது வாங்கலாம்" என்று விட்டால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். பிரிவு எண்ணையும் சந்து எண்ணையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரத்துக்குக் கால்குலேட்டர்தான் மொழி. அவர்கள் விலையைத் தட்டிக் காட்டுவார்கள், நீங்கள் உங்கள் விலையைத் தட்டுங்கள். "லொட் டாய் மாய்" என்றால் குறைக்க முடியுமா என்று அர்த்தம். ஆண்கள் கடைசியில் "க்ராப்", பெண்கள் "கா" சேர்த்தால் மரியாதை. சிரித்த முகமாகக் கேளுங்கள், குரலை உயர்த்தினால் அத்தோடு பேச்சு முடிந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பாக "ஜே" என்று தாய் எழுத்தில் இருக்கும் கடைகளைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறி வறுவலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 மாலின் பியர் 21 உணவுக்கூடத்தில் விலை குறைவு, தட்டைப் பார்த்துக் கைகாட்டி வாங்கலாம்.

படி 7: ஊர் திரும்பும் நாள்

பெரிய மால்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திரும்பத் தரும் அறிவிப்பு இருக்கும் கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கினால், வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். அங்கே மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். அதனால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். பணம், குடிவரவுச் சோதனையைத் தாண்டிய பிறகு உள்ளே இருக்கும் கவுன்டரில் கிடைக்கும். வரிசை நீளமாக இருக்கும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.