கிணற்று நைத்திரேற்று ஆய்வை ஊர் அறிவித்தலாக எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். அவற்றிலிருந்து தண்ணியில் கரைந்து வரும், நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள்தான் நைத்திரேற்று. அதன் ஆய்வு முடிவொன்று கைக்கு வந்தால், "தண்ணியில் புற்றுநோய்" என்று வட்ஸ்அப்பில் ஓடமுன் சனசமூக நிலையப் பலகையில் சரியான அறிவித்தல் ஏறவேண்டும்.

1. அலகைப் பாருங்கள். பிழை அதிகம் வருவது இங்கேதான். அட்டவணையில் 12 என்றிருந்தால், அது நைத்திரேற்றா, நைத்திரேற்றிலுள்ள நைதரசனா? உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாகச் சொன்னால் அதே வரம்பு ஏறத்தாழ 11. நைதரசன் கணக்கை 4.43 ஆல் பெருக்குங்கள். 12 நைதரசன் என்றால் 53, வரம்பு தாண்டிவிட்டது. 12 நைத்திரேற்று என்றால் வரம்பின் கால்வாசிதான்.

2. யாருக்கு என்று எழுதுங்கள். அந்த 50, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை நினைத்து வைத்த வரம்பு. குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். "எல்லோருக்கும் ஆபத்து" என்று எழுதினால் பால்மா கரைக்கும் தாய் அதைத் தனக்கென்று எடுக்கமாட்டார்.

3. சதவீதத்தைத் தனியே விடாதீர்கள். "நோய் 20 சதவீதம் கூடும்" என்றால், எதிலிருந்து? உதாரணத்துக்கு, 1000 பேரில் 10 பேருக்கு வரும் நோய் அப்படிக் கூடினால் 12 பேர். அந்த 10 தெரியாவிட்டால் சதவீதத்தையும் எழுதவேண்டாம். புற்றுநோய்ப் பட்டியல்களின் "2ஏ பிரிவு" போன்றவை சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுபவை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதையல்ல.

4. செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். "கொதிக்க வைத்துக் குடியுங்கோ" என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரீனும் உதவாது. மாதிரிக்கு:

"இந்தக் கிணற்றில் லீற்றருக்கு 70 மில்லிகிராம் நைத்திரேற்று (வரம்பு 50). கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணியை எடுக்காதேங்கோ. கொதிக்க வைத்தாலும் போகாது. சோதித்துச் சரியென்று கண்ட வேறு தண்ணியை எடுங்கோ. குளிக்க, உடுப்புத் தோய்க்க எடுக்கலாம்."

கீழே தண்ணி எடுத்த திகதியும் வேண்டும். பசளை போட்டபின் மழை பெய்தால் அளவு மாறும். பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் இந்த எண் பொருந்தாது.

5. ஒட்டமுன் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். "விளங்குதோ?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். "நாளைக்குப் பிள்ளைக்குப் பால் கரைக்க என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். "நல்லாக் கொதிக்க வைப்பன்" என்று பதில் வந்தால், நான்காம் படியைத் திரும்ப எழுதுங்கள்.