ஊட்டி ஹோம்ஸ்டேயில் ஈரவாடையை விரட்டியது

மே மாதம் ஊட்டி என்றால் முதல் தலைவலி இ-பாஸ். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம், அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. அதனால் காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம்.

பெரிய சிக்கல் அறையில்தான் இருந்தது. காலைச் சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் பழைய வீடு. இட்லி பிரமாதம், ஆனால் கதவைத் திறந்தாலே ஈரவாடை. ராத்திரி கம்பளி சில்லென்று உடம்பில் ஒட்டியது. ஹீட்டர் கேட்டேன். வீட்டுக்கார அம்மா, "அதெல்லாம் எதுக்கு தம்பி, வெயிலை உள்ளே விடுங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, உள்ளேயே துணியும் காயப்போட்டால், அந்த ஈரமும் வெந்நீர் ஆவியும் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில்தான் படியும்.

வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். கம்பளிகள் முற்றத்து வெயிலுக்குப் போயின. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவற்றை எடுத்துவிட வேண்டும். கோடையிலும் பிற்பகல் மழை அங்கே சகஜம். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைப்போம். படுக்கும் முன் விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டுவது என் மனைவியின் யோசனை. ஹீட்டரைவிட அதுவே மேல்.

மறுநாளே அறை தேறியது. மர அலமாரி மட்டும் மசியவில்லை. துணிகளைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டோம்.