“அடுத்த மாதம் பத்திரம்” என்று கிடக்கும் பணத்தை என்ன செய்யலாம்?

காட்பாடிப் பக்கம் இருந்த மனையை விற்றதில் 6 லட்சம் வந்தது. சத்துவாச்சாரியில் ஒரு வீடு பேசி வைத்திருந்தோம். அடுத்த மாதம் பத்திரம் என்றார்கள். அவர்கள் வீட்டில் பங்காளித் தகராறு. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே 14 மாதம் ஓடிவிட்டது. பணம் அத்தனை நாளும் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாததால் நஷ்டம் என்றே தோன்றவில்லை.

படி 1: நஷ்டத்தைக் கணக்குப் போடுங்கள்

எக்செல் எல்லாம் வேண்டாம், நம்மூர் வட்டிக் கணக்கே போதும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். அதே மாதிரி பார்த்தால், சேமிப்புக் கணக்கின் 2.5 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் 21 பைசா. ஒரு வருட எஃப்டிக்கு (குறித்த காலத்துக்கு வங்கியில் போட்டு வைக்கும் வைப்புநிதி) எனக்குச் சொன்ன 6.5 சதவீதம், 54 பைசா. இடையில் 33 பைசா. 6 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய், 14 மாதத்துக்கு 28,000. லாங் பஜாரில் தக்காளிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிற ஆள் நான்!

படி 2: கைச்செலவுக்குப் பிரியுங்கள்

மூன்று மாத வீட்டுச் செலவு கணக்கிலேயே இருக்கட்டும்.

படி 3: மீதியைத் துண்டு துண்டாகப் போடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். புத்தி வந்த வேகத்தில் 5 லட்சத்தை ஒரே எஃப்டியாகப் போட்டேன். நாலாவது மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு 60,000 தேவைப்பட்டது. “பாதி எடுக்க முடியாது சார், முழுசா க்ளோஸ் பண்ணணும்” என்றார்கள் கவுன்ட்டரில். அப்படி இடையில் முடித்தால் ஒரு வருட வட்டி கிடைக்காது. பணம் இருந்த நாலு மாதத்துக்கு என்ன விகிதமோ அதுதான், அதிலும் ஒரு சதவீதம் பிடித்தம். 60,000 ரூபாய்க்காக 5 லட்சத்தின் வட்டியும் அடிவாங்கியது.

இப்போது 50,000 வீதம் பத்து எஃப்டி. அவசரம் வந்தால் இரண்டை உடைப்பேன், எட்டு அப்படியே ஓடும்.

சேமிப்புக் கணக்கோடு வங்கி தரும் ஆட்டோ ஸ்வீப் என்ற வசதி இதையே தானாகச் செய்யும்: குறித்த தொகைக்கு மேல் போனால் எஃப்டியாக மாறும், கணக்கில் பணம் போதாதபோது வேண்டியதை மட்டும் உடைக்கும். எத்தனை ரூபாய் மடங்கில் உடையும், புதியது முதலில் உடையுமா பழையதா என்று கேட்டு வாங்குங்கள். ஏழு நாளுக்குள் உடைந்தால் அந்தத் துண்டுக்கு வட்டியே கிடையாது. தினமும் வரவு செலவு இருக்கும் கடைக்காரர்கள் இதனால்தான் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு மொபைல் ஆப்பில் அந்த மெனு அகப்படவே இல்லை. கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் சுலபம்.

லிக்விட் ஃபண்டும் உண்டு, குறுகிய காலக் கடன்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட் அது. ஏழாவது நாளிலிருந்து வெளியேற்றக் கட்டணம் இல்லை, ஆனால் இவ்வளவு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. பத்திரத்துக்கென்று வைத்த பணத்தை நான் அதில் போட மாட்டேன்.

இன்னொன்று: டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். அதனால் பத்தையும் ஒரே வங்கியில் போடவில்லை. 54 பைசா போதாது, நூற்றுக்குப் பத்து ரூபாய் தருகிறோம் என்று வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு நம் வடாற்காட்டுக்காரர்கள் பட்ட பாடு தெரியும்தானே.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். அவர் அப்பா போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் ஜூன் 12இல் போட்டு ஜூலை 28இல் எடுத்தாராம். 4 சதவீதம் என்றார்களே, வட்டி ஏன் வரவில்லை? அங்கே ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அவருக்கு இரண்டு மாதமும் அடிபட்டுவிட்டது. அங்கே போடுவதானால் 10ஆம் தேதிக்குள் போடுங்கள். எடுப்பதை அடுத்த மாதம் முதல் தேதிக்குத் தள்ளுங்கள்.