எல்லாவற்றையும் ‘லோ’வுக்கு இழுக்காதீர்கள்: கிராபிக்ஸ் செட்டிங்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் திக்கித் திணறினால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். செட்டிங்ஸைத் திறந்து, அல்ட்ராவில் இருப்பதை ஒரே இழுப்பில் லோவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். படம் பல்லிளிக்கும், திணறல் பல நேரம் அப்படியே இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கணினியின் வெவ்வேறு பாகத்திடம் வேலை வாங்குகிறது. எந்தப் பாகம் திணறுகிறது என்று பார்க்காமல் குறைப்பதுதான் முதல் தவறு.

பார்ப்பது சுலபம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால், விளையாடும்போதே கிராபிக்ஸ் கார்டு, அதாவது படத்தை வரையும் பாகம், எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று திரையின் மூலையில் தெரியும். 95-க்கு மேலேயே நின்றால் தடை கார்டில்தான். செட்டிங்ஸைக் குறைத்தால் பலன் உண்டு. நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) என்பதற்கு வரம்பு போடும் விசிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் அணைத்த பிறகும் 60, 70 சதவீதம் என்றே ஆடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிராசஸர்தான் பின்தங்குகிறது. அப்போது ரெசல்யூஷனைக் குறைத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்வது வீண். தெருவில் நடமாடும் கூட்டத்தின் அளவு, எவ்வளவு தொலைவு வரை காட்சி தெரிய வேண்டும் என்பது போன்றவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது டெக்ஸ்சர் விஷயம், அதாவது சுவர், தரை, உடை போன்றவற்றின் மேல் ஒட்டப்படும் படங்களின் தரம். வேகம் வேண்டும் என்று முதலில் அதைத்தான் குறைக்கிறார்கள். டெக்ஸ்சர் முக்கியமாகக் கேட்பது கார்டின் சொந்த நினைவகத்தில், அதாவது வீரேமில், இடம். இடம் இருந்தால் டெக்ஸ்சரை ஏற்றி வைத்தாலும் ஃபிரேம் பெரிதாகக் குறையாது. இடம் போதாதபோதுதான் வினை. மிச்சத்தை சிஸ்டம் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அந்த வழி பல மடங்கு மெதுவானது. சராசரி 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) என்று காட்டும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சி வெட்டும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டாலும் கண்ணுக்கு உறுத்தும். சராசரி அதை மறைத்துவிடும். அதனால் மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ‘1% லோ’ என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 4 ஜிபி கார்டு என்றால் புதிய கேம்களில் டெக்ஸ்சரைக் குறைத்தே ஆக வேண்டும். 8 ஜிபி வைத்துக்கொண்டு 1080பி-யில் விளையாடுபவர் பெரும்பாலான கேம்களில் அதைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் எதைக் குறைப்பது? நிழல், பிரதிபலிப்பு, பனிமூட்டம், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங். கார்டைப் பிழிபவை இவைதான். நிழலை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால், இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கை மட்டும் 16-லேயே விடுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. குறைத்தால் தூரத்துச் சாலையெல்லாம் கலங்கிவிடும்.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து திரைக்கு ஏற்ப பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பற்றி யூடியூபில் கேட்டதை அப்படியே பின்பற்றுவது இன்னொரு தவறு. 4கே திரையில் ‘பெர்ஃபாமன்ஸ்’ வைத்தால் உள்ளே 1080பி-யில் வரைந்து பெரிதாக்கும், நன்றாகவே இருக்கும். அதையே 1080பி திரையில் வைத்தால் உள்ளே வரையப்படுவது 960x540 மட்டும். கம்பி வேலி, இலை, தலைமுடி எல்லாம் நெளியும். 1080பி-யில் ‘குவாலிட்டி’க்குக் கீழே போகாதீர்கள். வரைந்த ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனும் அப்படித்தான். எண் ஏறும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதம் குறையாது, சற்றுக் கூடவே செய்யும். அது இல்லாமலேயே 60 எஃப்பிஎஸ் பக்கம் வருகிற கணினியில் மட்டும் போடுங்கள்.

செட்டிங்ஸுக்கே சம்பந்தமில்லாத தவறுகளும் உண்டு. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸில் 60-லேயே விட்டுவைப்பது, லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் ஓட்டுவது. இந்த மூன்றையும் முதலில் சரிபாருங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கேமில் அதே இடத்தில், கூட்டமும் புகையும் உள்ள காட்சியில் சோதியுங்கள். காலியான அறையில் எடுத்த எண் சண்டைக்காட்சிக்கு உதவாது. டிரைவரை அப்டேட் செய்த கையோடும் சோதிக்க வேண்டாம். ஷேடர்கள் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) மறுபடி தயாராக வேண்டியிருப்பதால் முதல் சில நிமிடங்கள் எந்தக் கார்டிலும் திணறல் வரலாம்.