கல்குவாரி விட்டுப்போன ஆரவல்லியில் காடு வளர்ப்பது: எங்கே தவறுகிறோம்?

குஜராத்திலிருந்து டெல்லி வரை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லிக்கு மேற்கே தார் பாலைவனம். அங்கிருந்து மணல் கிழக்கே எளிதில் வராமல் தடுப்பது இந்த மலையும் அதன் காடும்தான். கல்லுக்காக மலையை உடைத்த இடங்களில் அந்த வேலி ஓட்டையாகிக் கிடக்கிறது. ஹரியானாவின் ஃபரீதாபாத், குருகிராம், மேவாத் பகுதிகளில் 2009இல் உச்ச நீதிமன்றம் சுரங்க வேலையை நிறுத்தியது. 2023 மார்ச்சில் மத்திய அரசு ஆரவல்லி பசுமைச் சுவர் திட்டத்தைத் தொடங்கியது. மலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் அகலத்துக்கு நான்கு மாநிலங்களில் பசுமை கூட்ட வேண்டும் என்பது இலக்கு. நல்ல காரியம். அதனாலேயே, எங்கே தவறுவோம் என்று இப்போதே பேசிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் டெல்லிப் பக்கம் கொண்டுவந்த மரம்தான் விலாயதி கீக்கர். நமக்கு அது சீமைக் கருவேலம். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றுதான்! ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்த மரத்தைப் பற்றி விளக்கவே வேண்டாம். வேகமாக வளரும், ஆனால் வேறு எதையும் வளர விடாது.

சரி, வெட்டிவிட்டால் போகுமா? போகாது, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஜோத்பூர் கோட்டையின் அடிவாரத்தில் பாறை நிலத்துக்குரிய செடிகளை வளர்க்க 2006இல் பாறைப் பூங்கா வேலை தொடங்கியபோது இதுதான் பெரிய தலைவலி. வேர் பாறைக்குள் இறங்கியிருந்தது. கடைசியில் கைகொடுத்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கல் உடைக்கும் கந்த்வாலியாக்கள். பாறையைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே விரிசல் இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். அந்த இடத்தில் உளி வைத்து, சுமார் ஒன்றரை அடி ஆழம் வரை தோண்டி வேர்க்கட்டையை எடுத்தார்கள். குழிந்த அந்த இடங்களிலேயே அந்த மண்ணுக்குரிய செடிகளை வைத்தார்கள். குவாரித் தொழிலாளிகளை விலக்கிவிட்டுக் காடு வளர்க்க நினைப்பதும் ஒரு தவறு என்பேன். அந்தக் கல்லை அவர்களைப் போல அறிந்தவர்கள் யார்?

அடுத்தது, கிடைக்கிற கன்றை வாங்கி நடுவது. ஆரவல்லியின் பாறைச் சரிவுக்கு உரிய மரம் தௌ. நம் வெக்காலி மரத்துக்கு உறவு. ஆடு மேயும் இடத்தில் இது தலைதூக்கவே முடியாமல், பாறையோடு பாறையாகப் பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கும். மேய்ச்சலை நிறுத்திச் சில ஆண்டுகள் விட்டால், அதே செடி எழுந்து மரமாகும். அதனால் நடுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். கன்றே தேவைப்படாமல் போகலாம், காவல் மட்டும் போதும். அடியோடு அழிந்த இடத்தில் விதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தௌ விதையிலோ பெரும்பாலானவை பதர்.

சுமார் நாற்பது ஆண்டுகள் குவாரியும் கிரஷரும் ஓடிய நிலம்தான் குருகிராமின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. அங்கே 2010இல் வேலை தொடங்கியபோது, இந்த மலைக்கே உரிய மரங்கள் நர்சரிகளில் விற்பனைக்கு இல்லை. காடு மீட்பில் ஈடுபடும் விஜய் தஸ்மானாவும் குடிமக்கள் குழுவும் மிச்சமிருந்த காடுகளில் விதை பொறுக்கி, சொந்தமாக நாற்றங்கால் போட்டார்கள். அருகிலுள்ள மாங்கர் பனி என்ற கோயில்காடு, இந்த மலை எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் பாடம். 2022 பிப்ரவரியில், சரணாலயம் போன்ற பாதுகாப்புப் பட்டியலில் இல்லாமலேயே பல்லுயிர் காக்கும் இடம் என்று இந்தியாவில் முதலாவதாக அங்கீகாரம் பெற்றது இந்தப் பூங்காதான்.

அப்புறம், நிலத்தைச் சமப்படுத்தும் ஆசை. குழியை மூடி, வண்டி வண்டியாக வெளிமண் கொட்டினால், அந்த மண்ணோடு களைவிதையும் வந்து சேரும். குவாரி நிலம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சரிவில் தௌ, வெப்பாலை. மண் தங்கும் பள்ளத்தில் புரசு. மணல் சேர்ந்த இடத்தில் வன்னி. மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போட்டு நீரை நிறுத்தாவிட்டால், இருக்கும் கொஞ்ச மண்ணும் போய்விடும்.

மரம் மட்டும்தான் காடு என்று நினைத்துப் புல்லை உழுது தள்ளுபவர்களும் உண்டு. மணலை முதலில் பிடித்து நிறுத்துவது புல்லின் வேர். புல்லும் புதரும் வந்த இடத்தில்தான் கன்றும் கோடையைத் தாண்டும்.

கணக்கையும் மாற்ற வேண்டும். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்று கோடை கழித்துப் போய் எண்ணுங்கள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் நிற்பவற்றை ஒரு கணக்கிலும், யாரும் நடாமல் தானாக முளைத்தவற்றை இன்னொரு கணக்கிலும் எழுதுங்கள்.