பளபளவென்று ரிப்பேர் ஆனாலும் விலை குறையும்

அமெரிக்காவில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் காரை இடித்தவரின் இன்சூரன்ஸ் ரிப்பேர் செலவைக் கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடாது. விபத்து வரலாறு பதிவானால், விற்கும்போது விலை குறையும். அந்த இழப்பையும் பெரும்பாலான மாநிலங்களில் தவறு செய்தவரின் இன்சூரன்ஸிடம் கேட்கலாம். நம் சொந்த பாலிசியில் இது பெரும்பாலும் கிடைக்காது. ஜார்ஜியா மாநிலம் விதிவிலக்கு.

கேட்டால், பல நிறுவனங்கள் '17சி' என்றொரு கணக்கை நீட்டும். காரின் சந்தை விலையில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. அப்புறம் சேதம் குறைவென்றும் ஓடிய தூரம் அதிகமென்றும் தனித்தனியாகக் கழிப்பார்கள். 1,00,000 மைல் தாண்டிய காருக்குப் பூஜ்யம்! ஓடிய தூரம் சந்தை விலையிலேயே அடங்கிவிட்டதே, மறுபடி ஏன் கழிக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வாயால் வாதாடுவதைவிட, சுயேச்சையான மதிப்பீட்டாளரின் எழுத்துபூர்வ அறிக்கை வலுவானது. ரிப்பேர் பில், படங்கள், விபத்தில்லாத அதே மாடல் கார்களின் விற்பனை விலை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

முக்கியமாக, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பைக் கேட்பதற்கான கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.